சப்பீராள் செத்தது நிலத்துக்காக இல்லை

கேள்வி: வீட்டில் கூடி ஜெபிக்கும் முப்பது பேர் கொண்ட குழுவில் நான்கு வருடமாக இருக்கிறோம். ஆதித் திருச்சபை மாதிரி எல்லாம் பொதுவாக இருக்க வேண்டும் என்று எங்களை நடத்துகிற சகோதரர் சொல்கிறார். எங்களுக்கு இருக்கிற ஒரே வீட்டுமனையை விற்று ஊழியத்துக்குக் கொடுக்கச் சொல்கிறார். பிடித்துவைத்தால், நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டுப் பேதுருவின் முன்னால் விழுந்து செத்த அனனியா, சப்பீராள் தம்பதிக்கு நடந்தது எங்களுக்கும் நடக்குமாம். கணவருக்கு இஷ்டமில்லை. எனக்கு ராத்திரியில் தூக்கமில்லை. நகையை அடகு வைத்து ஏற்கெனவே 40,000 ரூபாய் கொடுத்திருக்கிறோம். என்ன செய்வது?

பதில்: சகோதரி, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். மனையை விற்காததற்காக உங்கள் வீட்டில் யாரும் சாகப் போவதில்லை.

பைபிளில் அப்போஸ்தலர் நடபடிகள் 5ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்தை நீங்களே சத்தமாக வாசித்துப் பாருங்கள். விற்பதற்கு முன்னால் நிலம் உன்னுடையதாகத்தானே இருந்தது, விற்ற பிறகும் பணம் உன் கையில்தானே இருந்தது என்று அனனியாவிடம் பேதுரு கேட்கிறார். கொடுக்காமல் இருக்க அவனுக்கு முழு உரிமை இருந்தது என்பதைச் சொன்னவரே பேதுருதான். மூன்று மணி நேரம் கழித்து, நடந்தது எதுவும் தெரியாமல் சப்பீராள் உள்ளே வருகிறாள். நிலத்தை இவ்வளவுக்குத்தானா விற்றீர்கள் என்று அவளிடம் ஒரே ஒரு கேள்வி. "ஆம், இவ்வளவுக்குத்தான்" என்கிறாள். அந்தப் பதில்தான் குற்றம். ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு முழுவதும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்டார்கள். "ஒரு பங்குதான் கொடுக்கிறோம்" என்று சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை. உங்களைப் பயமுறுத்துகிறவர் 5ஆம் வசனத்திலிருந்து வாசிக்கிறார். நீங்கள் 4ஆம் வசனத்தில் நில்லுங்கள்.

சரி, எல்லாம் பொதுவாக இருந்தது என்று எழுதியிருக்கிறதே என்பீர்கள். எழுதியிருக்கிறது, உண்மை. ஆனால் தமிழில் "விற்று" என்று படிக்கும்போது ஒரே நாளில் எல்லோரும் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு நின்றதுபோலத் தோன்றுகிறது. கிரேக்க மூலத்தில் அந்த வினை தொடர்ந்து நடந்துவந்ததைச் சொல்லும் வடிவம். தேவை வந்தபோதெல்லாம், இருந்தவர்கள் விற்றுக் கொடுத்துவந்தார்கள். அதனால்தான் சீப்புரு தீவைச் சேர்ந்த பர்னபா நிலத்தை விற்றுக் கொடுத்ததைப் பெயர் சொல்லி எழுதி வைத்திருக்கிறார்கள். எல்லோரும் அதையே செய்திருந்தால் ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் காட்டுவானேன்?

அதே நூலின் 12ஆம் அதிகாரத்துக்கு வாருங்கள். சிறையிலிருந்து தப்பிய பேதுரு ராத்திரியில் நேராக ஒரு வீட்டுக்குப் போகிறார். மாற்கு என்னும் யோவானின் தாய் மரியாளின் வீடு. வாசல் கதவைத் தட்டுகிறார். ரோதை என்ற வேலைக்காரப் பெண் குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடுகிறாள். வேலையாள் வைத்துக்கொள்ளும் வசதி இருந்த குடும்பம். அந்த வீட்டை மரியாள் விற்கவில்லை, யாரும் விற்கச் சொல்லவுமில்லை. விற்றிருந்தால் அன்று அத்தனை பேர் கூடி ஜெபிக்க எங்கே போயிருப்பார்கள்?

அப்புறம், கேள்வி கேட்பது கலகம் என்று உங்கள் குழுவில் சொல்லியிருப்பார்கள். எருசலேமில் இருந்த ஆதித் திருச்சபையிலேயே கணக்குச் சண்டை வந்தது. தினசரிப் பந்தியில் எங்கள் விதவைகளைக் கவனிக்கவில்லை என்று கிரேக்கம் பேசுகிறவர்கள் முறுமுறுத்தார்கள். "அபிஷேகம் பெற்றவர்களைக் கேள்வி கேட்காதே" என்று அப்போஸ்தலர்கள் அதட்டவில்லை. சபையைக் கூட்டி, நீங்களே ஏழு பேரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர் தொடங்கி நிக்கொலா வரை ஏழும் கிரேக்கப் பெயர்கள். பெரும்பாலும் புகார் சொன்ன தரப்பின் ஆட்கள் கையிலேயே பொறுப்பைக் கொடுத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது.

நான் மாணவர்களிடம் விடாமல் சொல்லும் எச்சரிக்கை ஒன்று உண்டு. ஆதித் திருச்சபையின் அன்பைச் சுரண்ட ஆட்கள் அந்தக் காலத்திலேயே வந்துவிட்டார்கள். திதாகே என்னும் பழைய கிறிஸ்தவக் கையேட்டின் பிரதியை 1873இல் கான்ஸ்டான்டிநோப்பிளில் கண்டெடுத்தார்கள். முதல் நூற்றாண்டின் கடைசியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ எழுதப்பட்டது என்பது பெரும்பாலோர் கணிப்பு. ஊர் ஊராக வரும் ஊழியக்காரரை எப்படி நடத்துவது என்று அதில் பட்டவர்த்தனமாக இருக்கிறது. ஒரு நாள் தங்கட்டும், தேவைப்பட்டால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் தங்கினால் அவன் கள்ளத் தீர்க்கதரிசி. புறப்படும்போது அடுத்த ஊர் வரைக்குமான அப்பம் மட்டும் கொடு. பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி. குடியேறிய பிறகு உழைக்காமல் சாப்பிட நினைக்கிறவனுக்கு அது வைத்திருக்கும் பெயர், கிறிஸ்துவை வைத்து வியாபாரம் செய்பவன். அதே கையேடு இன்னொன்றும் சொல்கிறது: யாருக்குக் கொடுக்கிறாய் என்று தெரியும்வரை உன் தர்மம் உன் கைக்குள்ளேயே வியர்க்கட்டும். காசைப் பொத்திப் பிடித்த உள்ளங்கை வியர்ப்பதை நினைத்துப் பாருங்கள். அவ்வளவு நேரம் யோசிக்கலாம், தப்பில்லை.

பணம் கேட்டால் கள்ளத் தீர்க்கதரிசி என்பதற்கு ஒரு விலக்கு உண்டு. அதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏமாற்றுகிறவர்கள் நுழைவது இந்த வாசல் வழியாகத்தான். இல்லாதப்பட்ட பிறருக்காகப் பணம் கேட்டால் அவனை ஒருவரும் நியாயந்தீர்க்க வேண்டாம் என்கிறது திதாகே. உடனே "எனக்கில்லை, அநாதைப் பிள்ளைகளுக்கு" என்பார்கள். எந்தப் பிள்ளைகள், எந்த ஊர், எத்தனை பேர் என்று கேளுங்கள். பஞ்ச காலத்தில் அந்தியோகியா சபை யூதேயாவுக்குப் பணம் அனுப்பியபோது யாருக்கு, எதற்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவரவர் சக்திக்குத் தக்கபடி கொடுத்தார்கள். கொரிந்து சபையாருக்குப் பவுல் எழுதும்போது, தகுதியானவர்கள் என்று நீங்கள் காட்டுகிறவர்களிடம் கடிதம் கொடுத்து உங்கள் காணிக்கையை அனுப்புவேன் என்கிறார். இன்னொரு நிருபத்தில் தன் உடன் ஊழியர் தீத்துவோடு இரண்டு சகோதரர்களை அனுப்புகிறார், அதில் ஒருவர் சபைகளே நியமித்தவர். பெரிய தொகை விஷயத்தில் யாரும் எங்களைக் குற்றம் சொல்லக்கூடாது என்று காரணமும் எழுதுகிறார். பவுலுக்கே இரண்டு மூன்று சாட்சி தேவைப்பட்டது. கேட்பவர், வாங்குபவர், கொண்டுபோகிறவர், செலவழிப்பவர் நான்கும் ஒரே ஆள் என்றால் அந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது.

இன்னொரு ஆளையும் கவனியுங்கள். "நிலத்தை நானே விற்றுத் தருகிறேன், நீங்கள் பவர் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்று ஜெபக்குழுவுக்குள்ளிருந்தே ஒரு தரகர் வருவார். அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாதீர்கள், கர்த்தர் சொன்னார் என்று அவர் சொன்னாலும் சரி. அப்படிக் கையெழுத்துப் போட்ட ஒரு குடும்பம் என்னிடம் வந்தபோது அவர்களிடம் ஒரு ரசீதுகூட இல்லை.

இதையெல்லாம் நீங்கள் கடிதம் எழுதிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. இறையியல் கல்லூரியில் திதாகேயைப் பத்து மதிப்பெண் கேள்வியாகப் படித்துவிட்டு வருகிறார்கள். பிரசங்க பீடத்தில் ஏறினால் மறந்துவிடுகிறது. பெரிய சபைகளின் நிர்வாகங்களுக்குத் தேர்தலும் வழக்கும் பார்க்கவே நேரம் போதவில்லை.

கடைசியாக அந்த 40,000. திரும்பக் கேட்பது பாவமில்லை. கருங்கடல் கரையிலிருந்து ரோமாபுரிக்கு வந்த மார்சியோன் என்ற கப்பல் முதலாளி, சபையில் சேர்ந்தபோது 2,00,000 செஸ்டர்ஸ் என்னும் ரோமானிய நாணயம் கொடுத்தான். கி.பி. 144ஆம் ஆண்டு வாக்கில், அவன் போதனை தவறு என்று விலக்கியபோது சபை அந்தப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பழங்காலக் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் எழுதியிருக்கிறார். சபைக்கு எதிரியாகிப் போனவனுக்கே திருப்பிக் கொடுத்தார்கள். கணவரும் நீங்களும் சேர்ந்து போங்கள், குழுவில் உங்களுக்கு நம்பிக்கையான இரண்டு பேரை வைத்துக்கொண்டு கேளுங்கள். நகையை மீட்கத்தான் என்பதையும் சொல்லுங்கள். போவதற்கு முன்னால் அடகுச் சீட்டை எடுத்து, மீட்க எந்தத் தேதி வரை தவணை இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.