இரண்டு வகுப்புக்கும் பணம் கட்ட வேண்டாம்

கேள்வி: என் மகன் பதினோராம் வகுப்பு. பாடத்தை நாலைந்து முறை படிக்கிறான், கேட்டால் எல்லாம் புரிந்துவிட்டது என்கிறான். ஆனால் ‘ஏன்?’, ‘இந்த முடிவு சரியா?’ என்று வரும் கேள்விகளில் சறுக்கிவிடுகிறான். ஒரு பயிற்சி மையத்தில் மெட்டாகாக்னிஷன் வகுப்பு, விமர்சனச் சிந்தனை வகுப்பு என்று இரண்டில் தனித்தனியாகச் சேரச் சொல்கிறார்கள். எதை முதலில் எடுப்பது?

பதில்: எதையும் எடுக்காதீர்கள். ஒரே பஸ்ஸில் போக உங்களிடம் இரண்டு டிக்கெட் விற்கப் பார்க்கிறார்கள்.

‘இது எனக்கு உண்மையில் தெரியுமா?’ என்று தன் அறிவைத் தானே கவனித்து, அதற்கேற்பப் படிப்பை மாற்றிக்கொள்வதுதான் மெட்டாகாக்னிஷன். 1970களில் ஜான் ஃபிளேவெல் என்ற உளவியலாளர் வைத்த பெயர். ஒரு கூற்றுக்கு ஆதாரம் என்ன, அந்த ஆதாரத்திலிருந்து முடிவு வருகிறதா என்று எடைபோடுவது விமர்சனச் சிந்தனை. 1990இல் பீட்டர் ஃபசியோன் தலைமையிலான நிபுணர் குழு விமர்சனச் சிந்தனைக்கு ஆறு அடிப்படைத் திறன்களைச் சொன்னது. அதில் ஆறாவது, தன் யோசனையைத் தானே சோதித்துத் திருத்திக்கொள்வது. ஒன்று மற்றதன் உள்ளேயே இருக்கிறது. இதில் எது முதல், எது இரண்டாவது?

உங்கள் மகன் பொய் சொல்லவில்லை. திரும்பத் திரும்பப் படிக்கும்போது வரிகள் பழகிப்போகும். அந்தப் பழக்கத்தைப் புரிதல் என்று எடுத்துக்கொள்கிறான். 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த சோதனையில் ஒரு குழு ஒரு பகுதியை நான்கு சுற்றுகள் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்றுகள் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது படித்தவர்கள்தான் முன்னணியில் இருந்தார்கள். நன்றாக நினைவிருக்கும் என்ற நம்பிக்கையும் அவர்களுக்கே அதிகம். ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

‘புரிந்துவிட்டது’ என்று நினைப்பவனுக்குக் கேள்வி எழாது. கேள்வி எழாத இடத்தில் விமர்சனச் சிந்தனைக்கு வேலையே இல்லை. கோடை ஏன் வருகிறது என்று அவனைக் கேட்டுப் பாருங்கள். பூமி சூரியனுக்குப் பக்கத்தில் வருவதால் என்று பலர் உறுதியாகச் சொல்வார்கள். ‘இது உனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டால்தான் அந்த உறுதி ஆடும். அப்புறம் அடுத்த கேள்வியைப் போடுங்கள்: வடபாதியில் கோடையாக இருக்கும் அதே நேரத்தில் தென்பாதியில் ஏன் குளிர்காலம்? பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி தொடக்கத்தில் என்பதையும் சொல்லுங்கள். பழைய விளக்கம் அங்கேயே உடைந்துவிடும். அச்சின் சாய்வுதான் காரணம் என்ற பாடம் அப்போதுதான் அவனுக்குத் தேவைப்படும். பாடத்தை விட்டுவிட்டுப் புதிர்களை வைத்து நடத்தும் ‘சிந்தனை வகுப்பு’ இந்த இடத்துக்கு வராது. புதிரில் தேறியவன் வேதியியலிலும் தேறுவான் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். படித்து முடித்த உடனே வேண்டாம், மறுநாள் புத்தகத்தை மூடிவைத்து எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ‘உறுதி’, ‘சந்தேகம்’ என்று குறிக்கட்டும். திருத்தும்போது, உறுதி என்று போட்டுத் தப்பானவற்றை முதலில் எடுங்கள்.

சேர்க்கைக்கு ஆள் பிடிப்பவர்களிடம் கவனமாக இருங்கள். ‘முதலில் ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம்’ என்பார்கள். பார்த்துக் கற்பவனா, கேட்டுக் கற்பவனா என்று வகை பிரிக்கும் டெஸ்ட், விரல் ரேகை டெஸ்ட், இடது மூளை வலது மூளை டெஸ்ட் எல்லாம் ஒரே ரகம். கற்றல் பாணிக்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் பலன் கூடும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 2008இலேயே ஆய்வாளர்கள் அலசிச் சொல்லிவிட்டார்கள். விரல் ரேகை டெஸ்ட்டுக்கு அந்த அளவு ஆதாரம்கூட இல்லை. இந்த டெஸ்ட்டுகளைப் பள்ளிக்குள்ளேயே கொண்டுவந்து நடத்துகிறார்கள், பெற்றோரும் வரிசையில் நிற்கிறார்கள்! அதே பள்ளியில் மாதிரி விடையை வரி மாறாமல் எழுதினால் முழு மதிப்பெண், சொந்தமாக யோசித்து எழுதினால் தப்பு என்று சுழிப்பு. இந்த லட்சணத்தில் மதிப்பெண் அட்டையில் ‘விமர்சனச் சிந்தனை: ஏ’ என்று ஒரு கட்டம் வேறு.

ஒரு விதிவிலக்கு மட்டும் உண்டு, இதை அழுத்திச் சொல்கிறேன். சில பிள்ளைகள் இதற்கு நேர்மாறு. எல்லாம் தெரிந்திருந்தும் ‘எனக்கு ஒன்றுமே தெரியாது’ என்பார்கள். சரியான விடையை அடித்துவிட்டுத் தப்பாக எழுதிவைப்பார்கள், ஒரே கணக்கை நான்கு முறை சரிபார்ப்பார்கள். அவர்களிடம் போய் ‘யோசித்துப் பார், நிச்சயமா?’ என்று கேட்காதீர்கள், பயம்தான் கூடும். அவர்களுக்கும் அதே குறிப்பு முறைதான், ஆனால் ‘சந்தேகம்’ என்று போட்டுச் சரியானவற்றைத்தான் முதலில் காட்ட வேண்டும். அதைக் காட்டிய பிறகும் பயம் குறையாமல் தூக்கமும் சாப்பாடும் கெட்டால், அது படிப்பு ஆலோசகர் பார்க்கிற விஷயம் இல்லை, மனநல மருத்துவரிடம் போங்கள். உங்கள் மகன் இந்த ரகம் இல்லை என்று கேள்வியிலேயே தெரிகிறது.

பயிற்சி மையத்தில் ஏற்கெனவே முன்பணம் கட்டியிருந்தால், ரசீதோடு போய்த் திரும்பக் கேளுங்கள். ‘அடுத்த பேட்சுக்கு மாற்றித் தருகிறோம்’ என்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள்.