“நீ யாருப்பா?” என்று பாட்டி கேட்டால்…
வாசகர் கேள்வி – பதில்

மறதிநோய் பற்றி வந்த கடிதங்களில், பதின்வயதுப் பேரப்பிள்ளைகள் எழுதியவற்றையும் அவர்களைப் பற்றிப் பெற்றோர் எழுதிய ஒன்றையும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். பெயர், ஊர் விவரங்களை நீக்கியிருக்கிறோம்.

பாட்டி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை “பரீட்சை முடிஞ்சுதா?” என்று கேட்கிறார். நாலைந்து முறை பொறுமையாகச் சொல்கிறேன். அதற்கு மேல் எரிந்து விழுந்துவிடுகிறேன். பிறகு எனக்கே அழுகை வருகிறது. என்ன செய்வது?
— வாசகி, வயது 15

புதிதாகக் கேட்டதையும் பார்த்ததையும் பதிந்து வைப்பது மூளையின் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி. மறதிநோயின் முக்கிய வகையான அல்சைமர் நோய் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அங்கேதான். அதனால் நீங்கள் சொன்ன பதில் பாட்டியின் மனதில் பதிவதே இல்லை. ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது முதல் தடவை. “இப்பத்தானே சொன்னேன்” என்பதில் பயன் இல்லாததும் இதனால்தான். அந்த வாக்கியமும் சேர்ந்தே மறந்துபோகும். ஆனால் நீங்கள் கத்தியதால் வந்த கலக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஏன் மனசு சரியில்லை என்று தெரியாமலேயே அவர் அரை நாள் வாடிப்போய் உட்கார்ந்திருப்பார்.

பதிலைச் சுருக்கி, எல்லா முறையும் ஒரே சொற்களில் சொல்லுங்கள்: “முடிஞ்சுது பாட்டி, நல்லா எழுதியிருக்கேன்.” புதுப்புது விளக்கம் சேர்த்தால் குழப்பம்தான் கூடும். மூன்றாவது முறையும் கேட்டால், கேள்விக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் அது பதற்றம் அல்லது சும்மா உட்கார்ந்திருக்கும் சலிப்பு. பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்ளலாம், வேறு அறைக்கு அழைத்துப் போகலாம், கைக்கு ஒரு வேலை கொடுக்கலாம். இடம் மாறினால் கேள்வியும் மாறும்.

பாட்டியால் இன்னும் படிக்க முடிகிறது என்றால், அவர் உட்காரும் இடத்துக்கு நேர் எதிரே, கண் மட்டத்தில் ஒரு வெள்ளைப் பலகை வையுங்கள். கறுப்பு மையில், எழுத்து இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரம், ஒரே ஒரு வாக்கியம். தினமும் காலையில் மாற்ற வேண்டும். நேற்றைய செய்தி பலகையில் நின்றுவிட்டால், பலகையே இல்லாததைவிட மோசம். வரப்போகும் பயணம், விருந்தாளி, மருத்துவர் சந்திப்பு போன்றவற்றை ஒரு வாரம் முன்பே சொல்லிவிடாதீர்கள். கிளம்புவதற்குக் கொஞ்ச நேரம் முன்பு சொன்னால் போதும்.

கோபம் வரும்போது “தண்ணி குடிச்சிட்டு வரேன் பாட்டி” என்று எழுந்து போய் இரண்டு நிமிடம் கழித்துத் திரும்புங்கள். கத்திவிட்ட நாளில் நீளமாக மன்னிப்புக் கேட்க வேண்டாம். எதற்கு என்று தெரியாமல் அவர் இன்னும் குழம்புவார். சிரித்த முகத்தோடு முன்பக்கமாக வந்து உட்காருங்கள். பதினைந்து வயதில் இதற்கு எரிச்சலே வரக் கூடாது என்று யாராவது சொன்னால், அவர் இந்தக் கேள்விக்கு ஒரு நாள் முழுக்கப் பதில் சொல்லிப் பார்க்கட்டும்.

என்னை மாமாவின் பெயரைச் சொல்லி அழைக்கிறார். சில நாள் “நீ யாருப்பா?” என்றே கேட்கிறார். என்னை வளர்த்தவரே அவர்தான். திருத்திச் சொல்லிக்கொண்டே இருந்தால் நினைவு திரும்புமா?
— வாசகர், வயது 17

திரும்பாது. கேள்வி கேட்டுப் பயிற்சி கொடுத்து மீட்கும் நினைவு இல்லை இது. “நான் யார்னு சொல்லுங்க பார்க்கலாம்” என்று சோதிக்கச் சோதிக்க, உங்களைப் பார்த்தாலே தோற்றுப்போகிற உணர்வுதான் அவருக்கு வரும்.

பொதுவாக அண்மைக்கால நினைவுகள் முதலில் மறந்துபோகும், பழையவை பிறகுதான் மறந்துபோகும். பாட்டி தன்னை நாற்பது வயதுக்காரராக நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், எதிரில் மீசை அரும்பிய பையன் வந்து நின்றால் அவன் அவருடைய மகனாகத்தான் இருக்க வேண்டும். அவர் நினைவில் பேரன் இருந்தாலும் அவன் மூன்று வயதுக் குழந்தை. தோளுயரம் வளர்ந்த நீங்கள் அந்தப் படத்தில் பொருந்துவதில்லை. பெயர் தவறினாலும், ‘இவன் என் பிள்ளை’ என்ற இடத்தில் உங்களைச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

அறைக்குள் நுழையும்போது பின்னாலிருந்தோ பக்கவாட்டிலோ வராதீர்கள். நேர் எதிரே வந்து, அவர் கண் மட்டத்துக்கு உட்கார்ந்து, பெயரையும் உறவையும் நீங்களே சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு தடவை. ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் உங்கள் முகம் இருட்டாகத் தெரியும். வெளிச்சம் முகத்தில் விழ வேண்டும். கண்ணாடி துடைத்திருக்கிறதா, காது கேட்கும் கருவியில் பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள். அடையாளம் தெரியவில்லை என்று வீட்டில் கவலைப்படுவதில் ஒரு பங்கு, கண்ணும் காதும் செய்கிற வேலை. இதன் பிறகும் மாமா பெயரைத்தான் சொல்கிறார் என்றால் “ம்” கொட்டிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள்.

இதை ஒட்டி இன்னொன்று. தாத்தா எங்கே என்று கேட்டால், இறந்துவிட்டார் என்று ஒவ்வொரு முறையும் சொல்வது அவருக்கு ஒவ்வொரு முறையும் புதுச் சாவு. அதற்காக “கடைக்குப் போயிருக்கார்” என்று சொன்னால், வாசலைப் பார்த்தபடி காத்திருப்பார். “தாத்தாவைத் தேடுறீங்களா? அவர் என்ன வேலை பார்த்தார், சொல்லுங்களேன்” என்று அவரைப் பற்றியே பேச வையுங்கள். “அவர் போயிட்டாரா?” என்று அவரே நேராகக் கேட்டால், ஆமாம் என்று மென்மையாகச் சொல்லிக் கூடவே இருங்கள். வேறு விதமாகச் சொல்பவர்களும் உண்டு; எங்கள் கருத்து இதுதான்.

பாட்டியோடு பேச எதுவுமே இல்லாமல் போய்விட்டது. சும்மா உட்கார்ந்து போன் பார்க்கிறேன். இரண்டு பேரும் சேர்ந்து என்ன செய்யலாம்?
— வாசகி, வயது 14

பேச்சைக் குறையுங்கள், கைவேலையைக் கூட்டுங்கள். நிகழ்ச்சிகளை நினைவில் வைக்கும் பகுதியும், கை பழகிய வேலைகளை வைத்திருக்கும் பகுதியும் மூளையில் வேறு வேறு. காலையில் என்ன சாப்பிட்டோம் என்று தெரியாதவர், துணியை ஓரம் பார்த்து மடிப்பார், பின்னல் போடுவார். உங்கள் தலையைப் பின்னிவிடச் சொல்லிப் பாருங்கள். பின்னல் கோணலாக வந்தால் அன்றைக்கு அப்படியே இருக்கட்டும்.

துண்டு மடிப்பதை எடுத்துக்கொள்வோம். துவைத்த துணி மொத்தத்தையும் முன்னால் கொட்டினால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் கையைக் கட்டிக்கொள்வார். ஒரே அளவுள்ள ஐந்தாறு துண்டுகள் மட்டும் வையுங்கள். மேசை விரிப்பு ஒரு நிறம், துண்டு அதற்கு எடுப்பான வேறு நிறம். வெள்ளைமேல் வெள்ளை கண்ணுக்குப் பிடிபடாது. “மடிங்க பாட்டி” என்று சொல்லிவிட்டுப் போகாமல், ஒன்றை மெதுவாக நீங்கள் மடித்துக் காட்டி, அடுத்ததை அவர் கையில் கொடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு படிதான் சொல்ல வேண்டும்: “இந்த முனையைப் பிடிங்க.” சொன்ன பிறகு மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். நாம் பொதுவாக இரண்டு எண்ணுவதற்குள் மறுபடி சொல்கிறோம், அதுவும் வேறு சொற்களில். பாதி புரிந்துகொண்டிருந்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதாகிவிடும். மடித்ததைப் பிரித்து அவர் கண்முன்னே நீங்கள் சரிசெய்தால், அடுத்த நாள் தொட மாட்டார்.

கால் மணி, இருபது நிமிடம் போதும். காலை நேரம் பெரும்பாலும் நல்லது. பொழுது சாயும்போது பலருக்குக் குழப்பமும் படபடப்பும் ஏறும். அப்போது புது வேலை எதையும் தொடங்காதீர்கள், விளக்கை முன்கூட்டியே போட்டுவிடுங்கள். சின்னக் குழந்தைகளின் பொம்மைப் புதிர்களை வாங்கிக் கொடுப்பதை நாங்கள் விரும்புவதில்லை. தன்னைக் குழந்தையாக நடத்துகிறார்கள் என்பது பலருக்குக் கடைசிவரை தெரியும்.

பாட்டுக் கேட்கலாம். பத்து வயதிலிருந்து முப்பது வயதுக்குள் நடந்தவை எல்லாருக்குமே மனதில் ஆழமாக நிற்கும். அவர் பிறந்த ஆண்டோடு 10-ஐயும் 30-ஐயும் கூட்டி, அந்த இருபது ஆண்டுகளில் வந்த பாட்டுகளாகத் தேடுங்கள். டிவியை அணைத்துவிட்டு ஒரு பாட்டு மட்டும் போடுங்கள், முகத்தைப் பாருங்கள். கண் கலங்கினால் உடனே நிறுத்த வேண்டியதில்லை. கையைப் பிசைந்தாலோ எழுந்து நடக்கத் தொடங்கினாலோ நிறுத்திவிடுங்கள்.

ஆல்பம் ஒன்று செய்யலாம். இருபது, இருபத்தைந்து படம் போதும். பக்கத்துக்கு ஒரே படம், அதில் ஓரிருவர் மட்டும். கூட்டப் படங்கள் வேண்டாம். பளபளப்பான தாளில் வெளிச்சம் பட்டுக் கூசும் என்பதால் மேட் தாளில் போடச் சொல்லுங்கள். கீழே பெரிய எழுத்தில் பெயரும் உறவும். பழைய படங்கள் முன்னால் வரட்டும். பார்க்கும்போது “ஞாபகம் இருக்கா?”, “இது யாரு?” இரண்டையும் விட்டுவிடுங்கள். “இந்த வீட்டுல ஜன்னல் எவ்வளவு பெரிசு!” என்று நீங்கள் ஏதாவது சொன்னால் போதும். அவருக்கு வந்தால் பேசுவார், வராவிட்டால் ஜன்னலைப் பார்ப்பார். சொல்லும் கதையில் ஆண்டும் ஆளும் மாறினாலும் திருத்தாதீர்கள். குரலைப் பதிவு செய்வதென்றால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அவர் தடுமாறுகிற காட்சியைச் சமூக ஊடகத்தில் போடவே போடாதீர்கள், எவ்வளவு அன்பாகத் தலைப்பு வைத்தாலும்.

நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறோம். பள்ளி விட்டு வந்ததும் 16 வயது மகன்தான் என் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்குக் கஷ்டம் இல்லை என்றுதான் சொல்கிறான். விடலாமா?
— ஒரு தாய்

துணையாக ஒன்றிரண்டு மணி நேரம் இருப்பது சரி. மாத்திரை எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு, குளிப்பாட்டுவது, கழிப்பறை உதவி, இரவுக் காவல் ஆகியவை அவன் வேலை அல்ல. கஷ்டம் இல்லை என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தூக்கம், மதிப்பெண், நண்பர்களோடு வெளியே போவது ஆகிய மூன்றில் ஏதாவது சரிந்தால் அதுதான் பதில். வாரத்தில் இரண்டு நாளாவது முழுக்க அவனுடைய நாளாக இருக்கட்டும்.

தனியே விடும் நேரத்தில் எரிவாயு வால்வை மூடிவைத்துவிட்டுப் போங்கள். வாசல் கதவில் திறந்தால் ஒலிக்கும் மணி பொருத்துங்கள். அழைக்க வேண்டிய மூன்று எண்களும் பாட்டி சாப்பிடும் மருந்துகளின் பட்டியலும் சுவரில் இருக்கட்டும். முகம் தெளிவாகத் தெரியும் அண்மைப் படம் அவன் போனில் இருக்க வேண்டும். பாட்டி வெளியே போய்விட்டால் முதலில் உங்களை அழைக்கட்டும். வீட்டுக்குள்ளும் சுற்றுவட்டத்திலும் கால் மணி நேரம் தேடியும் காணவில்லை என்றால் உடனே காவல்துறையை அழைக்க வேண்டும். தானாக வந்துவிடுவார் என்று காத்திருக்கக் கூடாது.

விழுந்துவிட்டால் அக்குளில் கை கொடுத்துத் தூக்கக் கூடாது என்று அவனுக்குச் சொல்லிவையுங்கள். வலி எங்கே, தலையில் பட்டதா என்று பார்த்துவிட்டு உங்களை அழைக்க வேண்டும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்குத் தலையில் அடிபட்டால், வெளியே காயம் இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

இரண்டு நாளாகப் பாட்டி ஆளே மாறிவிட்டார். இல்லாதவர்களைப் பார்த்துப் பேசுகிறார், பகலெல்லாம் தூங்குகிறார். “நோய் முற்றுகிறது” என்கிறார்கள். அப்படித்தானா?
— வாசகர், வயது 16

அல்சைமர் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நகரும் நோய். மணிக்கணக்கில், நாள்கணக்கில் வருகிற மாற்றம் பெரும்பாலும் வேறு: சிறுநீர்த் தொற்று, நுரையீரல் தொற்று, உடலில் நீர் குறைவது, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, புதிதாகத் தொடங்கிய மருந்து. சளிக்கும் அலர்ஜிக்கும் தூக்கத்துக்கும் கடையில் வாங்கும் சில மாத்திரைகள்கூட இப்படிச் செய்யும். வயதானவர்களுக்குத் தொற்று இருந்தும் காய்ச்சல் இல்லாமல் போகலாம். இன்றைக்கே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். மாற்றம் எந்த நாள், எந்த நேரம் தொடங்கியது, அதற்கு முன் என்ன மாத்திரை சேர்ந்தது, விழுந்தாரா என்று எழுதிக் கொடுங்கள். இதெல்லாம் பல வீடுகளில் பேரப்பிள்ளைக்குத்தான் தெரியும். பெரியவர்கள் கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்லுங்கள்.

எனக்கும் இது வருமா?
— வாசகி, வயது 18

முதுமையில் வரும் அல்சைமர் பெரும்பாலும் பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்குவதில்லை. ஒரே மரபணு மாற்றத்தால் குடும்பத்தில் தொடர்ந்து வரும் வகை மிக அரிது, நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவு; அது பொதுவாக 65 வயதுக்கு முன்பே தலைகாட்டும். ‘ஏபிஓஇ 4’ என்ற மரபணு வகை வாய்ப்பைக் கூட்டும், ஆனால் அது இருந்தும் நோய் வராதவர்கள் ஏராளம். 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் வெளியிட்ட அறிக்கை, மறதிநோய் வரும் வாய்ப்பைக் கூட்டுகிற, நாம் மாற்றிக்கொள்ளக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. உங்கள் வயதில் கையில் இருப்பவை படிப்பு, தலையில் அடிபடாமல் பார்த்துக்கொள்வது, புகைக்காமல் இருப்பது, காதைக் காப்பது. ஹெல்மெட் போடுங்கள், இயர்போன் ஒலியைக் குறையுங்கள். போனை எங்கே வைத்தோம் என்று பதினெட்டு வயதில் தேடுவதற்குப் பெயர் தூக்கக் குறைவு.

பர்ஸைக் காணோம் என்றால் நான்தான் எடுத்தேன் என்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் என்னைத் திருடி என்கிறார். வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குச் சிரிப்பு வரவில்லை.
— வாசகி, வயது 16

சிரிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். இந்தப் பத்தியையே காட்டலாம். யாரும் எடுத்துவிடக் கூடாது என்று பர்ஸை ஒளித்துவைத்தது பாட்டிதான். ஒளித்தது மறந்துவிட்டது, வைத்த இடத்தில் பொருள் இல்லை, எனவே யாரோ எடுத்திருக்கிறார்கள். அவர் பக்கமிருந்து பார்த்தால் கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. எப்போதும் கூட இருப்பவர்மேல்தான் பழி விழும்.

“நான் எடுக்கலை” என்று வாதாடினால் சந்தேகம் வலுக்கும். “பர்ஸைக் காணோமா? வாங்க, சேர்ந்து தேடலாம்” என்று எழுந்துவிடுங்கள். தலையணை உறை, மெத்தைக்கு அடி, மடித்த துணிகளுக்கு நடுவே, காலணிக்குள் என்று ஒவ்வொருவருக்கும் வழக்கமான இடம் மூன்று நான்கு இருக்கும். நாளடைவில் உங்களுக்கு அத்துப்படியாகிவிடும். உங்கள் கண்ணில் பட்டாலும் எடுத்து நீட்டாதீர்கள், அந்தப் பக்கமாக அவரை அழைத்துப்போய் அவரே எடுக்கும்படி விடுங்கள். நீங்கள் எடுத்துக் கொடுத்தால் ‘பார், இவளிடம்தான் இருந்தது’ என்றாகிவிடும். அதே நிறத்தில், அதே மாதிரி இன்னொரு பர்ஸில் கொஞ்சம் சில்லறை போட்டுத் தயாராக வைத்திருங்கள். நகை, அடையாள அட்டை, வங்கிப் புத்தகம் போன்றவற்றை அவர் கைக்கு எட்டாத இடத்துக்கு மாற்றுவது பெரியவர்கள் வேலை. உறவினர் வரும் முன்பே இது நோயின் குணம் என்று அம்மாவோ அப்பாவோ அவர்களிடம் சொல்லிவிட வேண்டும், உங்களை நிற்கவைத்துக்கொண்டு அல்ல. அறையிலிருக்கும் குப்பைத் தொட்டியை யார் கொட்டினாலும், கொட்டும் முன் அதையும் ஒருமுறை கிளறிப் பார்க்கட்டும்.