பட்டறை இருந்த மண்ணில் கீரை போடலாமா?

கேள்வி: செந்தூலில் குடியிருக்கிறோம். வீட்டுப் பக்கத்துக் காலி இடத்தில் முன்பு கார் பட்டறை இருந்தது. அங்கே கீரையும் காங்கோங்கும் போட ஆசை. இணையத்தில் 25 வெள்ளிக்கு வாங்கிய மண் மீட்டரைக் குத்திப் பார்த்தால் முள் பச்சையில்தான் நிற்கிறது. இது போதுமா?

பதில்: போதாது. அந்த மீட்டர் காட்டுவது ஈரம், வெளிச்சம், புளிப்புத்தன்மை மட்டுமே. காரீயம், காட்மியம் போன்ற நச்சுக் கன உலோகங்கள் அதற்குத் தெரியாது. (நம் ஊரில் 'ஈயச் சுரங்கம்' என்றால் வெள்ளீயம். இங்கே பயப்பட வேண்டியது காரீயத்துக்கு.)

பட்டறை மண்ணில் பேட்டரியிலிருந்து காரீயம், பிரேக் தூசியிலிருந்து செம்பு, டயர் தேய்மானத்திலிருந்து துத்தநாகம் சேர்ந்திருக்கலாம். எத்தனை மழை பெய்தாலும் காரீயம் எளிதில் அடித்துப் போகாது. மேல்மண்ணைப் பிடித்துக்கொண்டு பல்லாண்டு கிடக்கும்.

மண்ணை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புங்கள். ஐந்தாறு இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை சம அளவு தோண்டி, பிளாஸ்டிக் வாளியில் கலந்து அரைக் கிலோ எடுத்தால் போதும். நாகமுலாம் பூசிய வாளி வேண்டாம், துத்தநாகக் கணக்கு கெட்டுப்போகும். எண்ணெய்க் கறை படிந்த மூலை இருந்தால் அந்த மண்ணைத் தனிப் பையில் கொடுங்கள். நல்ல மண்ணோடு கலந்தால் அங்குள்ள நஞ்சு நீர்த்து, அறிக்கையில் தெரியாமல் போய்விடும். கூடத்துக்கு 'சாம்' (SAMM, மலேசிய ஆய்வுக்கூட அங்கீகாரத் திட்டம்) அங்கீகாரம் இருக்கிறதா, அது மண்ணில் காரீயம், காட்மியம், ஆர்செனிக் அளப்பதற்கும் சேர்த்துத்தானா என்று பணம் கட்டும் முன் கேளுங்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண்: குடியிருப்பு மண்ணில் காரீயத்துக்கான எச்சரிக்கை அளவை அமெரிக்கா 2024 ஜனவரியில் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200 ஆகக் குறைத்தது. நம் நாட்டுச் சட்டமல்ல, ஆனாலும் அதைத் தாண்டினால் அந்த மண்ணில் நேராக நடாதீர்கள். சின்னப் பிள்ளைகளையும் அங்கே விளையாட விடாதீர்கள். மண் பட்ட கை வாய்க்குப் போவதுதான் பெரிய ஆபத்து.

கீரையில் காரீயம் பெரும்பாலும் மழையில் தெறித்து இலையில் ஒட்டிய மண்ணாக வரும். நன்றாகக் கழுவினால் பெருமளவு போகும். காட்மியம் அப்படியில்லை. வேர் வழியே இலைக்குள் ஏறிவிடும், மண் புளிக்கப் புளிக்க இன்னும் அதிகமாக ஏறும். கழுவிப் பயனில்லை. அதனால் சந்தேகமுள்ள மண்ணில் கீரையைவிட வெண்டையும் பயற்றங்காயும் மேல். கீரைதான் வேண்டுமென்றால் தரையில் களை தடுக்கும் தோட்டத் துணி விரித்து, 30 செ.மீ. உயரப் பாத்தி கட்டி, வெளிமண் நிரப்புங்கள். பாத்திக்குப் பழைய பெயிண்ட் பலகையோ டயரோ வேண்டாம்.

கேள்வி: 'கன உலோகம் அறவே இல்லை' என்று ஒட்டிய கருமண் பையை நம்பலாமா?

பதில்: உலோகம் அறவே இல்லாத மண் உலகில் இல்லை. ஆய்வு அறிக்கையைக் கேளுங்கள். அதில் பையின் தொகுதி எண், தேதி, கிலோவுக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு மூன்றும் இருக்க வேண்டும். 'கண்டறியப்படவில்லை' என்று போட்டிருந்தால் கண்டறியும் எல்லை (அந்த ஆய்வால் கண்டுபிடிக்க முடிந்த மிகக் குறைந்த அளவு) என்ன என்று பாருங்கள். சாதாரண மண்ணில் காட்மியம் 1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே இருக்கும். எல்லையே 5 என்றால் அந்த அறிக்கை எதையும் சொல்லவில்லை.

விற்றவர் மழுப்பினால் ரசீது, பையின் படம், வாட்ஸ்அப் உரையாடல் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். பயனீட்டாளர் உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் மனுக் கட்டணம் 5 வெள்ளிதான், வழக்கறிஞர் தேவையில்லை. 3 ஆண்டுக்குள் மனு செய்ய வேண்டும்.