ஸ்பானிஷில் ‘ஈர்’ என்ற வினைச்சொல்லை எப்படிப் புரிந்துகொண்டு பயன்படுத்துவது?

‘ஈர்’ என்றால் போவது. அதன் வடிவங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் இருக்கின்றனவே, எப்படிப் படிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். முழு அட்டவணையையும் ஒரே மூச்சில் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் நிகழ்காலத்தைப் பிடியுங்கள். எதிர்காலமும் அதிலேயே கிடைத்துவிடும்.

போய் (நான்), பாஸ் (நீ), பா (அவன், அவள், மரியாதையாக நீங்கள்), பாமோஸ் (நாம், நாங்கள் இரண்டுக்கும்), பான் (அவர்கள்). ஸ்பெயினில் நண்பர்கள் பலரைப் பார்த்துப் பேசும்போது மட்டும் ‘பைஸ்’. லத்தீன் அமெரிக்காவில் அது புழக்கத்தில் இல்லை, ‘பான்’தான். எழுத்தில் இவையெல்லாம் வி-யில் தொடங்கும். ஆனால் ஸ்பானிஷில் வி, பி இரண்டுக்கும் ஒரே ஒலி, நம் ‘பஸ்’ஸில் வரும் ப. ‘போய்’ தமிழ் போல ஒலிப்பது தற்செயல்தான், ஆனாலும் நினைவில் நிற்க நல்ல பிடி.

இனி எதிர்காலம். ‘போய் அ கொமேர்’ என்றால் சாப்பிடப் போகிறேன். தமிழிலும் இதற்குப் ‘போ’வைத்தானே பயன்படுத்துகிறோம்! நடுவில் வரும் அந்த ‘அ’வை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘இரே’ என்று தனி எதிர்கால வடிவமும் உண்டு. ஆனால் அன்றாடப் பேச்சில், முக்கியமாக லத்தீன் அமெரிக்காவில், இந்த ‘போய் அ’தான் அதிகம் காதில் விழும். ‘பாமோஸ் அ கொமேர்’ என்பது சாப்பிடப் போகிறோம் என்றும் ஆகும், வாங்க சாப்பிடலாம் என்றும் ஆகும். ‘கோமோ தே பா?’ என்றால் எப்படிப் போகுது? இதிலும் நமக்குச் சிரமம் இல்லை.

தமிழர்கள் தடுமாறும் இடம் வேறு. யாராவது கூப்பிட்டால் நாம் ‘இதோ வர்றேன்’ என்போம். ஸ்பானிஷில் அங்கே ‘யா போய்’, அதாவது போகிறேன். பேசுபவர் தான் நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்தால் அது ‘ஈர்’தான், எதிரே இருப்பவரை நோக்கி நகர்ந்தாலும் சரி. ‘வருகிறேன்’ என்பதற்கான ‘பெங்கோ’ இங்கே பொருந்தாது. விடைபெறும்போதும் அப்படித்தான். ‘போயிட்டு வர்றேன்’ என்று சுற்ற வேண்டியதில்லை. ‘மே போய்’, கிளம்புகிறேன், அவ்வளவுதான். அங்கே யாரும் அதை அபசகுனமாக எடுத்துக்கொள்வதில்லை.

சரி, வடிவங்கள் ஏன் இப்படி? லத்தீனின் மூன்று வினைகள் இதில் கலந்திருக்கின்றன. ‘போய், பாஸ், பா’ எல்லாம் வாதெரே என்ற வினையிலிருந்து வந்தவை. ‘ஈர்’, ‘ஈபா’ (போய்க்கொண்டிருந்தேன்) இரண்டும் ஈரே என்ற வினையின் மிச்சம். இறந்தகாலமான ‘ஃபுயி, ஃபுயிஸ்தே, ஃபுவே, ஃபுயிமோஸ், ஃபுவேரோன்’ என்பவை இருத்தலைக் குறிக்கும் எஸ்ஸேயிலிருந்து வந்தவை. இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்கு இந்த வினைமேல் ஒரு பிரியமே வந்தது.

அதனால்தான் ‘செர்’ வினைக்கும் (ஆக இருப்பது) இதே இறந்தகாலம், எழுத்துக்கு எழுத்து. ‘ஃபுவே மெதிகோ’ என்றால் அவர் மருத்துவராக இருந்தார். ‘ஃபுவே அ மாத்ரித்’ என்றால் மாட்ரிட்டுக்குப் போனார். பின்னால் ‘அ’வும் ஓர் இடமும் வந்தால் பெரும்பாலும் போனதுதான். ‘அ’ மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்: ‘ஃபுவே அ லாஸ் சின்கோ’ என்றால் ஐந்து மணிக்கு நடந்தது. உரையாடலில் குழப்பம் அபூர்வம்.

‘ஈபா’ போய்க்கொண்டிருந்ததையும், வழக்கமாகப் போனதையும் சொல்லும். இந்த இறந்தகால வகையில் ஒழுங்கு தவறும் வினைகள் ஸ்பானிஷ் மொத்தத்துக்கும் மூன்றுதான்: ஈர், செர், பெர் (பார்ப்பது). ‘தே ஈபா அ யமார்’, உன்னைக் கூப்பிட இருந்தேன். தினமும் உதவும் வாக்கியம் இது.

ஏவல் வடிவங்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். ‘பே’ (நீ போ), ‘பாயா’ (நீங்கள் போங்கள்) இரண்டும் இப்போதைக்குப் போதும். ப்யூனஸ் ஐரிஸில் ‘பே’வுக்குப் பதில் வேறொரு வினையைக் கடன் வாங்கி ‘அந்தா’ என்பார்கள். ஸ்பெயினில் பலரைக் ‘கிளம்புங்கள்’ என்று சொல்ல இலக்கணம் கேட்ட வடிவம் ‘இதோஸ்’, மக்கள் சொல்லிவந்தது ‘இரோஸ்’. கடைசியில் 2017-இல் ஸ்பானிஷ் அரச மொழிக்கழகம் ‘இரோஸ்’ஸையும் ஏற்றுக்கொண்டது.