அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வாடகைக்கு எடுத்தால் ஏசி, ஹீட்டரை எப்படி இயக்குவது?

மே மாதம் லாஸ் வேகஸில் மோட்டார்ஹோம் (படுக்கை, சமையல் வசதி உள்ள வண்டி) எடுத்து, குழந்தைகளோடு கிராண்ட் கேன்யன் போகப்போவதாகவும், வீட்டில் போலவே தெர்மோஸ்டாட்டை (வேண்டிய வெப்பநிலையை வைக்கும் கருவி) வைத்துவிட்டுத் தூங்கிவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

பொத்தான்கள் ஏறக்குறைய வீட்டில் உள்ளவைதான். ஆனால் ஹீட்டர் பிரொப்பேன் கேஸில் ஓடுகிறது, கூரை ஏசி 120 வோல்ட் மின்சாரத்தில் ஓடுகிறது. அதனால் ராத்திரி நிறுத்தப்போகும் இடத்தில் கரண்ட் உண்டா என்பதை முதலில் பாருங்கள்.

கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பு சுமார் 7,000 அடி உயரம். மே மாதத்திலும் ராத்திரி உறைநிலைக்குப் பக்கத்தில் போகும். அங்கே வண்டிகளை நிறுத்தித் தங்கும் இடங்களில், டிரெய்லர் வில்லேஜில் மின் இணைப்பு உண்டு, மேதர் கேம்ப்கிரவுண்டில் கிடையாது. மேதரில் இடம் கிடைத்திருந்தாலும் ஹீட்டர் ஓடும். ஆனால் சூடான காற்றை உள்ளே தள்ளும் விசிறிக்கு 12 வோல்ட் பேட்டரி வேண்டும். பலரும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். விசிறி 7, 8 ஆம்ப் இழுக்கும். 100 ஆம்ப்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் பயன்படுத்தலாம் என்பதால், விடாமல் ஓடினால் ஆறேழு மணி நேரம்தான் தாங்கும். பேட்டரி இறங்கினால் விசிறி மெதுவாகச் சுற்றும். காற்றின் வேகம் போதாவிட்டால் உள்ளே இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் பர்னரைப் பற்றவைக்க விடாது. விடியற்காலையில் குளிர்ந்த காற்று மட்டும் வந்தால், கேஸ் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டாமல் முதலில் பேட்டரி அளவைப் பாருங்கள்.

ராத்திரி 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில் வைத்துவிட்டு, குழந்தைகளுக்குக் கூடுதல் கம்பளி போர்த்துங்கள். 72-ல் வைத்தால் பேட்டரி காலை வரை வராது. பகலில் வண்டி ஓட்டும்போது அது மறுபடி சார்ஜ் ஆகும். ஹீட்டரைப் போட்டதும் முதலில் வெறும் காற்றுதான் வரும், கொஞ்ச நேரம் கழித்தே தீ பற்றும். முதல் தடவை தூசி கருகிய வாசனை வருவதும் சகஜம்.

தெர்மோஸ்டாட்டில் ‘ஹீட் பம்ப்’ என்று ஒன்று இருந்தால், அது ஏசியையே திருப்பி ஓட்டிச் சூடாக்குவது. அதற்கும் கரண்ட் வேண்டும். வெளியே 40 டிகிரிக்குக் கீழே போனால் பிரயோஜனமில்லை, கேஸ் ஹீட்டருக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம் ஏசி. தங்கும் இடத்தின் 30 ஆம்ப் மின் இணைப்பில் மொத்தம் கிடைப்பது 3,600 வாட். ஏசி மட்டுமே அதில் பாதியை எடுத்துக்கொள்ளும். கூடவே மைக்ரோவேவில் சாதத்தைச் சூடாக்கி, வாட்டர் ஹீட்டரும் மின்சாரத்தில் இருந்தால் பிரேக்கர் விழுந்துவிடும். வாட்டர் ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றி வையுங்கள். ஏசியை அணைத்தால் மூன்று நிமிடமாவது விட்டுத்தான் திரும்பப் போட வேண்டும், இல்லையென்றால் கம்ப்ரஸருக்குக் கெடுதல். உள்ளே இழுக்கும் காற்றைவிட சுமார் 20 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகத்தான் அது வெளியே விடும். லாஸ் வேகஸ் வெயிலில் வண்டி கொதித்த பிறகு போட்டால் குளிர ரொம்ப நேரமாகும். காலையிலேயே போட்டு, திரைகளை மூடி வையுங்கள்.

ஓடும்போது டாஷ்போர்டு ஏசி முன்பக்கத்துக்கு மட்டும்தான் போதும். பின்னால் குழந்தைகள் இருந்தால் ஜெனரேட்டரைப் போட்டுக் கூரை ஏசியை ஓட்டலாம். அதற்கு மணிக்கணக்கில் கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பூங்காவுக்குள் ஜெனரேட்டருக்குக் குறிப்பிட்ட நேரம்தான் அனுமதி.

எவ்வளவு குளிரானாலும் கேஸ் அடுப்பை ஹீட்டராகப் பயன்படுத்தவே கூடாது. அடுப்பு எரியும்போது வரக்கூடிய கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுவுக்கு வாசனை இல்லை. தரைக்குப் பக்கத்தில் கேஸ் கசிவைச் சொல்லும் ஓர் அலாரம் இருக்கும். பிரொப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் கீழேதான் தேங்கும் என்பதால் அங்கே வைத்திருக்கிறார்கள். எந்த அலாரம் அடித்தாலும் குழந்தைகளோடு முதலில் வெளியே வந்துவிடுங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம். பெட்ரோல் பங்குக்குள் நுழையும் முன் ஹீட்டரை அணைத்துப் பிரொப்பேன் வால்வை மூடுங்கள். வண்டியை வாடகைக்கு எடுக்கும்போதே அந்த வால்வு எங்கே இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் ஹீட்டரை ஒரு தடவை போட்டுக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.