பிரேக் குழாயில் கசிவு: ஒட்டுப் போட்டு ஓட்டலாமா?

கேள்வி: என்னிடம் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய பிக்அப் வண்டி ஒன்று இருக்கிறது. சில நாள்களாக பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்குகிறது. தொட்டியில் பிரேக் ஆயிலும் குறைந்துகொண்டே வருகிறது. வண்டிக்கு அடியில் பார்த்தபோது, பின்சக்கரங்களுக்குச் செல்லும் இரும்புக் குழாய் எரிபொருள் டேங்குக்கு மேலே ஓரிடத்தில் ஈரமாக இருந்தது. அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டு ஒரு துண்டை இணைத்துக்கொள்ளலாமா? அதுவரை ஆயிலை ஊற்றிக்கொண்டு மெதுவாக ஓட்டலாமா?

பதில்: ஓட்டுவதைப் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: ஓட்டக் கூடாது. பழுதுபார்க்கும் இடத்துக்குக்கூட வண்டியைக் கட்டி இழுத்துச் செல்லாமல், வேறொரு வண்டியின் மேல் ஏற்றிக்கொண்டு போவதே சரி. பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர், உங்கள் வண்டியில் பெரும்பாலும் முன்சக்கரங்களுக்கு ஒன்றும் பின்சக்கரங்களுக்கு ஒன்றுமாக இரண்டு தனிச் சுற்றுகளைக் கொண்டிருக்கும்; அதனால்தான் பின்பக்கம் கசிந்தாலும் வண்டி இன்னும் நிற்கிறது. ஆனால் ஒரு சுற்றில் அழுத்தம் இல்லாதபோது, பிஸ்டன் அந்த வெற்றுத் தூரத்தைக் கடந்த பிறகே மற்றச் சுற்று வேலை செய்யத் தொடங்கும். பெடல் கீழே இறங்குவதன் காரணம் இதுவே. வழக்கமாகத் தொடாத ஆழத்துக்குப் பிஸ்டன் போகும்போது, சிலிண்டரின் அந்தப் பகுதியில் படிந்துள்ள துருவும் கசடும் ரப்பர் சீல்களைக் கிழித்துவிடக்கூடும். அப்போது நன்றாக இருக்கும் முன்பக்கச் சுற்றும் கைவிடும். பலமாக பிரேக் பிடிக்கையில் குழாய்க்குள் ஒரு சதுர அங்குலத்துக்கு 1,000 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தம் எழக்கூடும் என்பதை நினைத்துப் பார்த்தால், துரு அரித்த குழாய் இன்று சொட்டுவது நாளை ஒரே மிதியில் வெடித்துத் திறந்துகொள்ளலாம் என்பது விளங்கும். டேப் சுற்றுவதும் பசை பூசுவதும் இந்த அழுத்தத்தின் முன் எதற்கும் உதவாது.

வேலையைத் தொடங்குமுன், கசிவது பிரேக் ஆயில்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அது வழவழப்பாக இருக்கும். எஞ்சின் ஆயிலைப் போலன்றித் தண்ணீரில் கழுவினால் போய்விடும். திரவம் குழாயை ஒட்டியே வழிந்து வேறோர் இடத்தில் சொட்டும் என்பதால், சொட்டும் இடத்தைவிட ஈரத்தின் மிக உயர்ந்த புள்ளியையே தேடிப் பிடிக்க வேண்டும். சக்கரங்களின் உட்புறத்தையும் பாருங்கள். அங்கு ஈரம் இருந்தால், சக்கரத்துக்குள் பிரேக்கை இயக்கும் வீல் சிலிண்டரும் கசிகிறது என்று பொருள். ஆயில் ஊறிய பிரேக் ஷூக்களைத் துடைத்துப் பயன்படுத்த முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

இனி ஒட்டுப் பற்றி. டேங்குக்கு மேலும் கிளிப்புகளுக்குப் பின்னும் சேறு தங்கி ஈரத்தைப் பிடித்துவைப்பதால் குழாய் அங்கேதான் முதலில் அரிக்கிறது. ஆனால் அதே வயதுடைய அதே குழாய், அதே ஈரத்தில், மற்ற கிளிப்புகளுக்குப் பின்னாலும் கிடந்திருக்கிறது. ஓர் ஓட்டையை அடைத்தால் அடுத்து மெலிந்திருக்கும் இடம் திறக்கும். ஆகவே முன்னாலுள்ள இணைப்பிலிருந்து பின் அச்சுக்கு மேலுள்ள ரப்பர் ஹோஸ் வரை முழு நீளத்தையும் மாற்றிவிடுங்கள் என்பதே என் ஆலோசனை; அச்சின் மேல் ஓடும் சிறு குழாய்களிலும் துரு செதிலாகப் பெயர்ந்தால் அவற்றையும் சேர்த்து மாற்றுவது நல்லது. ஏதோ ஒரு காரணத்தால் இடையில் இணைத்தே ஆக வேண்டுமானால், இரு முனைகளையும் முறையாக ஃப்ளேர் செய்து, அதாவது விரித்து வடிவமைத்து, யூனியன் என்ற இணைப்புத் துண்டைப் போட்டு இணைக்க வேண்டும். வளையத்தை நெரித்துப் பிடிக்கும் கம்ப்ரெஷன் இணைப்பு தண்ணீர்க் குழாய்க்கு உரியது. பிரேக்கில் அதற்கு இடமில்லை.

முனையின் வடிவத்திலும் கவனம் வேண்டும். சில வண்டிகளில் 45 பாகைச் சரிவில் இருமடிப்பாக மடித்த ஃப்ளேர் இருக்கும். வேறு சிலவற்றில் குமிழ் வடிவ ஃப்ளேர் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றைப் போட்டால் நட் இறுகுவதுபோல் தோன்றினாலும் கசிவு நிற்காது. மில்லிமீட்டர் மரையும் அங்குல மரையும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதால், பழைய நட்டைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். ஃப்ளேர் போடுமுன் நட்டைக் குழாயில் கோத்துவிடுவதையும் மறக்க வேண்டாம். பழகிய கைகள்கூட இதில் ஏமாறுவதுண்டு.

துருப்பிடித்த நட்டுக்கு முந்தைய நாளே துரு இளக்கும் எண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, ஃப்ளேர் நட்டுக்கென்றே உள்ள ஸ்பேனரால் திருப்ப வேண்டும். சாதாரண ஸ்பேனர் முனைகளை வழித்துவிடும். அப்படியும் நகரவில்லையென்றால், எப்படியும் தூக்கிப் போடப்போகும் குழாயை நட்டை ஒட்டி வெட்டிவிட்டு நட்டின் ஆறு பக்கங்களையும் பிடிக்கும் சாக்கெட்டைப் போடலாம். நெருப்புக் காட்டிச் சூடாக்கும் வழக்கத்தை, எரிபொருள் டேங்க் பக்கத்தில் இருக்கும் இந்த இடத்தில் அறவே தவிர்க்க வேண்டும். வண்டியை ஜாக்கியின் மேல் மட்டும் நிறுத்தி அடியில் படுக்காமல், உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் இறக்கிவிட்டே வேலையைத் தொடங்குங்கள். புதிய குழாய் சைலன்சர் குழாயை நெருங்காமலும் எதிலும் உரசாமலும் எல்லாக் கிளிப்புகளிலும் அமர வேண்டும்.

காற்று எடுக்கும்போது, அதாவது குழாய்க்குள் புகுந்த காற்றைப் பெடலை மிதித்து ஆயிலோடு வெளியேற்றும்போது, உங்கள் வண்டியின் கையேடு வேறு வரிசை சொல்லாவிட்டால், மாஸ்டர் சிலிண்டரிலிருந்து மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்குங்கள். பல பிக்அப்களில் பின் அச்சுக்கும் சேஸிஸுக்கும் இடையே, சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று இருக்கிறது. அச்சு தொங்கிக்கொண்டிருந்தால், வண்டி காலியாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டு அது வழியைக் குறுக்கிவிடும். எவ்வளவு நேரம் மிதித்தாலும் காற்று முழுதாக வராது. ஆகையால் ஸ்டாண்டுகளைச் சேஸிஸுக்குக் கொடுக்காமல் அச்சுக்கே கொடுங்கள். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டால், பெடல் தரையைத் தொடும் வரை போய் முன்பு சொன்ன சீல்களைக் கெடுக்காது.

ஆயில் தொட்டியின் மூடியில் குறிப்பிட்டுள்ள வகை ஆயிலையே, புதிதாகத் திறந்த டப்பாவிலிருந்து ஊற்றுங்கள். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதியதாக இருக்கையில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் இருக்க வேண்டிய அதன் கொதிநிலை, நீர் கலந்த பிறகு 140 வரை இறங்கலாம். சிலிக்கோன் வகையான டாட் 5-ஐ இதனுடன் கலக்கக் கூடாது. கடைசியாக, எஞ்சினை ஓடவிட்டு ஒருவர் பெடலை அழுத்திப் பிடித்திருக்க, மற்றொருவர் ஒவ்வோர் இணைப்பையும் உலர்ந்த துணியால் தொட்டுப் பார்க்க வேண்டும். பெடல் சிறிதும் இறங்கக் கூடாது. அதன் பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி நிறுத்திப் பாருங்கள்.

கேள்வி: செப்புக் குழாய் துருப்பிடிக்காது, கையாலேயே வளைக்கலாம் என்கிறார்கள். பிரேக்குக்கு அதைப் போடலாமா?

பதில்: தனிச் செம்பு வேண்டாம். வண்டியின் இடையறாத அதிர்வில் அது இறுகி, வளைவுகளிலும் ஃப்ளேர் ஓரங்களிலும் விரிசல் விடும். நீங்கள் கேள்விப்பட்டது, ஏறத்தாழ 90 விழுக்காடு செம்பும் 10 விழுக்காடு நிக்கலும் சேர்ந்த கலப்பு உலோகக் குழாயாக இருக்கலாம். பிரேக்குக்கென்றே தயாரிக்கப்படும் அதைத் தாராளமாகப் போடலாம். நிறம் செம்பை ஒத்திருப்பதால், வாங்கும்போது பிரேக் குழாய் என்ற குறிப்பு உறையில் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.