தொலைக்காட்சிக் கந்தோரின் மேல் ஒரு காதல்

கேள்வி: கொழும்பை ஒட்டிய ஒரு நகர சபையில் முகாமைத்துவ உதவியாளராக இருக்கிறேன். வயது 36. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள், 'பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்' என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரைக் காட்டிவிட்டுப் போனாள். ஒரு சிற்றூரின் பூங்காத் திணைக்களத்தில் நடக்கும் கதை. 7 சீசன்களையும் முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து பார்க்கிறேன். கந்தோரில் கோவையைத் திறந்தால், இந்த இடத்தில் லெஸ்லி நோப் என்ன செய்வாள் என்று யோசிக்கிறேன். ஆனால் பக்கத்து மேசைகளைப் பார்த்தால் வெறுப்பு வருகிறது. ஒருவருக்கும் வேலையில் ஆசை இல்லை. "பகல் முழுக்க ஒரு சபை, இரவில் காசு கட்டி இன்னொரு சபையா?" என்று கணவர் சிரிக்கிறார். அவருடைய நண்பர் தன்னுடைய காப்புறுதி நிறுவனத்துக்கு என்னை வேலைக்கு அழைக்கிறார். போய்விடட்டுமா? நான் ஒரு பைத்தியமா?

பெயர் வேண்டாம், வெள்ளவத்தை

பதில்:

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கணவரின் பகிடி நல்ல பகிடி, நானும் சிரித்தேன். ஆனால் அவர் ஒன்றைக் கவனிக்கவில்லை. தாதியர் பார்ப்பதற்கு மருத்துவமனைத் தொடர்கள் எத்தனையோ இருக்கின்றன. பொலிஸாருக்குச் சொல்லவே வேண்டாம். வடிகான், நாய்ப் பதிவு, கட்டட அனுமதி, சோலை வரி என்று காலம் கழிப்பவர்களைப் பற்றி யார் கதை எழுதினார்கள்? நமது திரையில் சபை ஊழியர் ஒருவர் வந்தால், ஒன்றில் மேசைக்குக் கீழால் கை நீட்டுவார், அல்லது மூக்குக் கண்ணாடிக்கு மேலால் பார்த்து "நாளைக்கு வாருங்கள்" என்பார். அப்படியிருக்க, உங்கள் தொழிலைத் தொழிலாக மதித்து ஒருவர் கதை பண்ணினால் மனம் அங்கே போகாமல் என்ன செய்யும்?

பார்க்காத வாசகர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2009 ஏப்ரலில் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கி 2015 பெப்ரவரியில் முடிந்த தொடர் இது. கிரெக் டேனியல்ஸும் மைக்கேல் ஷூரும் உருவாக்கினார்கள். ஊர், இந்தியானா மாநிலத்தில் இருப்பதாகச் சொல்லப்படும் போனி என்ற கற்பனை ஊர். பூங்காத் திணைக்களத்தின் துணைப் பணிப்பாளர் லெஸ்லி நோப்பாக ஏமி போலர் நடித்தார். பொதுக்கூட்டம் ஒன்றில் ஆன் பெர்கின்ஸ் என்ற தாதி எழுந்து, வீட்டுக்குப் பின்னால் யாரோ தோண்டிப் போட்ட குழியில் தன் காதலன் விழுந்து காலை முறித்துக்கொண்டதாக முறையிடுகிறாள். அதை மூடிப் பூங்காவாக்கித் தருகிறேன் என்று லெஸ்லி வாக்குக் கொடுக்கிறாள். அங்கேதான் கதை பிறக்கிறது. அந்த ஊர்ப் பொதுக்கூட்டங்களை நினைத்தாலே எனக்குச் சிரிப்பு வரும். பூங்காவில் ஒரு சாண்ட்விச் கிடந்தது, அதில் ஏன் மயோனெய்ஸ் இல்லை என்று ஒரு பெண் சபையைக் கேட்கிறாள். பக்கத்து வீட்டுப் பலாமரத்துச் சருகு தன் கூரையில் விழுவதற்குச் சபையைத் திட்டும் நம் ஊர்க்காரரும் அவளும் ஒரே வமிசம். லெஸ்லியின் விசேஷம், அந்தக் கூச்சலை அவள் அக்கறை என்று எடுத்துக்கொள்வது. அக்கறை இல்லாதவன் கூட்டத்துக்கே வரமாட்டான் அல்லவா?

கணவருக்கு ஒரு குறிப்பு. அவர் பார்த்தது முதல் சீசனாக இருந்தால் அவரைக் குறை சொல்ல முடியாது. அது 6 பகுதிகள் மட்டுமே, அதில் லெஸ்லியை ஓர் அசட்டுப் பெண்ணாகக் காட்டிவிட்டார்கள். இரண்டாவது சீசனில்தான் அவள் கெட்டிக்காரி என்பது எழுதியவர்களுக்கே உறைத்ததுபோல் இருக்கிறது. அவரை அங்கிருந்து உட்கார வையுங்கள்.

இனி உங்கள் வெறுப்புக்கு வருகிறேன். கடிதத்தில் என்னை உறுத்திய இடம் அதுதான். நீங்கள் தொடரை ரசித்துப் பார்த்திருக்கிறீர்கள், ஆனால் அந்தக் கந்தோரைச் சரியாகப் பார்க்கவில்லை. அங்கே லெஸ்லி எத்தனை பேர்? ஒருத்தி. மேலதிகாரி ரொன் ஸ்வான்சன், அரசாங்கம் என்ற ஒன்றே வேண்டாம் என்று நம்பிக்கொண்டு அரசாங்கச் சம்பளம் வாங்குகிறவர். டொம், கந்தோர் நேரத்தில் சொந்த வியாபாரக் கனவு காண்கிறவன். ஏப்ரல் என்ற பெண்ணை ரொன் உதவியாளராக வைத்திருப்பதே, வருகிறவர்களை விரட்டுவதற்காக. சந்திக்கக் கேட்டவர்களுக்கெல்லாம் அவள் மார்ச் 31ஐக் கொடுத்துவிடுகிறாள், அப்படி ஒரு தேதியே இல்லை என்ற நினைப்பில். அந்த நாள் வருகிறது. கூடவே 94 சந்திப்புகளும் வருகின்றன. இதே வேலையை உங்கள் கந்தோரில் ஒருத்தி செய்திருந்தால் நீங்கள் எனக்கு இரண்டாவது கடிதம் எழுதியிருப்பீர்கள்.

ஆக, உங்கள் பக்கத்து மேசைக்காரர்கள் எல்லோரும் போனியிலும் இருக்கிறார்கள். அங்கே கமெரா அவர்களை அன்போடு பார்க்கிறது, அவர்கள் வாயில் வரும் வசனத்தை ஓர் அறை நிறைய எழுத்தாளர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு எழுதினார்கள். உங்கள் சக ஊழியருக்கு அப்படி யாரும் இல்லை. மாலை ரயிலைத் தவறவிட்டால் வீட்டில் பிள்ளை தனியாக நிற்கும் என்ற கவலையில் கடிகாரத்தைப் பார்க்கும் ஒருவரிடம் வேலையில் ஆசை இருக்கிறதா இல்லையா என்று வெளியிலிருந்து எப்படித் தெரியும்?

ஜெரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்தக் கந்தோரில் எல்லோரும் சேர்ந்து கேலி செய்யும் நடுத்தர வயது மனிதர். அவருடைய சரியான பெயர்கூட நெடுங்காலம் ஒருவருக்கும் தெரியாது. தொடரில் எனக்குப் பிடிக்காத விஷயம் இது ஒன்றுதான். வீட்டில் அவருக்கு அழகான குடும்பம், கடைசியில் ஊருக்கு மேயராகவே ஆகிறார் என்று எழுதியவர்கள் ஈடு கட்டினார்கள். உங்கள் கந்தோரிலும் ஒரு ஜெரி இருப்பார். அவருக்கு மேயர் பதவி கிடைக்கப்போவதில்லை. நாளைக்கு ரோல்ஸும் பிளேன்டீயும் வாங்கினால் அவருக்கும் ஒன்று வாங்குங்கள். பழைய கோவை எது எங்கே இருக்கிறது என்று அந்தக் கட்டடத்தில் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

நீங்கள் போனியைப் பார்த்து ஏங்குவதில் எனக்கு இன்னொரு வியப்பும் உண்டு. இரண்டாவது சீசன் முடிவில் பணமில்லாமல் அந்த ஊர் நிர்வாகமே மூடப்படுகிறது, கணக்குப் பார்க்க மாநிலத்திலிருந்து இருவர் வருகிறார்கள். அதைப் பார்த்துப் பதறியிருப்பீர்கள். 2022 ஜூனில் வெள்ளிக்கிழமை கந்தோருக்கு வராமல் வீட்டில் தோட்டம் செய்யுங்கள் என்று அரச ஊழியருக்கு லீவு கொடுத்த நாடு இது. அடுத்த ஆண்டு மார்ச்சில் உள்ளூராட்சிச் சபைகளின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப்போய், 2025 மே 6இல்தான் நடந்தது. இடையில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல், உறுப்பினர் என்று ஒருவர்கூட இல்லாமல், குப்பை அள்ளியதும் தெருவிளக்கு மாற்றியதும் யார்? நீங்களும் அந்தப் பக்கத்து மேசைகளும். இதையெல்லாம் திரைக்கதையாகக் கொண்டுபோனால் மிகை என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

இப்போது கருமபீடத்துக்கு வாருங்கள். கொழும்பில் ஒரு சபைக் கந்தோரில் நான் வரிசையில் நின்றபோது முன்னால் ஓர் அம்மா. கையில் சொப்பிங் பை, அதற்குள் நாலாக மடித்த கடிதம். வீட்டுக்கு வந்த அறிவித்தல், முழுக்கச் சிங்களத்தில். தண்டப்பணமோ, வீட்டை உடைக்கச் சொல்கிறார்களோ என்று பயந்து இரவு தூங்கவில்லை என்று பக்கத்தில் நின்றவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய முறை வந்ததும் கண்ணாடிக்கு அப்பால் இருந்த பெண் கடிதத்தை வாங்கி, விரலை வரிக்கு வரி வைத்துத் தமிழில் சொன்னார். வரி மதிப்பீட்டுக்காக வீட்டை அளக்க வருகிறார்களாம், அவ்வளவுதான். பிறகு கடிதத்தின் பின்பக்கத்தில் தேதியைப் பெரிதாக எழுதி, கீழே தமிழில் 'அளக்க வருவார்கள், உறுதி வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா 'உறுதி'யில் விரலை வைத்து, "காணி உறுதியா, பிள்ளை?" என்று கேட்டார். "ஓம் அம்மா." முடிந்தது. பின்னால் நின்ற ஒருவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். அந்தப் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது.

தமிழும் ஆட்சி மொழி என்று 1987இல் 13ஆவது திருத்தம் சொல்லிவிட்டது. சட்டம் வந்து சேர்ந்தது, படிவங்கள் பல இடங்களில் இன்னும் வழியில் இருக்கின்றன. தமிழ் தெரிந்த முகாமைத்துவ உதவியாளர் ஒருத்தி ஒரு சபையில் இருப்பது என்ன பெறுமதி என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லெஸ்லிக்கு ஒரு குழி கிடைத்ததுபோல உங்களுக்கு இது கிடைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆகக் கூடுதலாக மக்கள் கேட்டு வரும் இரண்டு மூன்று படிவங்களை எடுத்து, நிரப்பிய மாதிரியோடு தமிழில் ஒரு பக்கம் தயாரியுங்கள். செயலாளரிடம் கொண்டுபோகும்போது மொழியுரிமைச் சொற்பொழிவு வேண்டாம். உங்கள் செயலாளர் ரொன் ஸ்வான்சன் வகையாக இருந்தால், "இதை ஒட்டினால் கருமபீடத்தில் சத்தம் குறையும், உங்களிடம் வரும் ஆட்களும் குறைவார்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். கையெழுத்து விழும்.

லெஸ்லியை அப்படியே பின்பற்றவும் வேண்டாம். அவள் உறுப்பினர்களோடு மோதுவாள், அடுத்த பகுதியில் எல்லாம் சரியாகிவிடும். உங்களுக்கு அடுத்த பகுதியில் இடமாற்றக் கடிதம் வரும். அவள் பிறர் பேச்சைக் கேட்காமல் அவர்களுக்கு நல்லது செய்கிறவள் என்பதையும் மறந்துவிடாதீர்கள். தோழிகளே அதனால் களைத்துப்போகிறார்கள். நான்காவது சீசனில் தேர்தலில் வென்று நகர சபைக்குப் போனவளை, ஆறாவது சீசனில் அந்த ஊர்க்காரரே வாக்களித்துத் திருப்பி அழைத்தார்கள். குழி இரண்டாவது சீசனிலேயே மூடப்பட்டது, பூங்கா வேலையோ ஆறாவது சீசன் வரை இழுபட்டது. நகர சபையில் வேலை செய்யும் உங்களுக்கு இந்த வேகம் புதிதல்ல.

காப்புறுதி வேலைக்குப் போகலாமா? போகலாம். பிள்ளைகளின் படிப்பு, வீட்டு வாடகை, ஓய்வூதியம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்து, கணக்கு அந்தப் பக்கம் சாய்ந்தால் குற்ற உணர்வில்லாமல் போங்கள். அந்தத் தொடரிலும் கடைசி சீசனில் அநேகமாக எல்லோரும் திணைக்களத்தை விட்டுப் போய்விடுகிறார்கள், லெஸ்லி உட்பட. பக்கத்து மேசையை வெறுத்துப் போவதானால் மட்டும் வேண்டாம். காப்புறுதிக் கந்தோரிலும் மேசைகள் உண்டு, பக்கத்தில் ஆட்களும் உண்டு. என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், படிவ வேலையைச் செய்து பார்த்து, அது உங்களுக்கு எப்படி இருக்கிறது என்று தெரிந்த பிறகு முடிவெடுங்கள். அதற்கு ஒரு மாதத் தவணை கேட்பது பெரிய காரியமல்ல.

கணவரின் நண்பரிடம் இன்னொன்றையும் கேளுங்கள்: நிரந்தரச் சம்பளமா, இலக்கு வைத்த கொமிஷனா? காப்புறுதியில் "வேலை இருக்கிறது" என்று நண்பர்கள் சொல்வதில் பாதி, மாமா வீடு மாமி வீடாக ஏறி இறங்கிப் பொலிஸி விற்பதாக முடிகிறது. அதற்கு உங்கள் மச்சாள்மார் எத்தனை பேர் தயாராக இருக்கிறார்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு எனக்கு மறுபடி எழுதுங்கள்.